சின்ராசுக்கு வந்த கடிதம்

ஜூன் 3, புதன்

விடியற்காலையிலிருந்து மழை. தபால் பைக்கு மேல் உரப்பை, உரப்பைக்கு மேல் குடை, குடைக்குக் கீழே நான், முக்கால்வாசி நனைந்து. பஸ் நிற்கும் இடத்திலிருந்து தோட்டத்துக்கு மூன்று மைல் கட்டை நடை.

இன்று வந்தவை: கந்தோரில் துரைமார் மேசைக்கு ஏழு. லயத்து வரிசை வீடுகளுக்கு மூன்று. ஒன்று கல்யாணப் பத்திரிகை, ஒன்று கோர்ட் நோட்டீஸ் (இரண்டும் ஒரே வீட்டுக்கு, சந்தோஷம்), ஒன்று செத்துப்போன ராமாயிக்கு.

லயத்து வீடுகளுக்கு நம்பர் கிடையாது. யாருக்கு எது வந்தாலும் தோட்டத்தின் பெயர்தான் முகவரி. அதாவது கந்தோர். அதாவது என் பை. நான் ஓய்வு பெற்று மூன்று வருடம். புது ஆள் போடவில்லை. சும்மா சுமக்க ஆள் கிடைத்தால் மானேஜர் பெரிய துரை விடுவாரா? (இனி பெ.து. அந்த ஆளுக்கு முழுசாக எழுத மை வீண்.)

மறுநாள் காலைப் பெரட்டில், ஆட்கள் வேலைக்கு வரிசை நிற்கும்போது, பெயர் கூப்பிட்டுக் கொடுப்பேன். கடிதம் வராதவன் முகத்தைப் பார்ப்பதில் எனக்கு ஒரு சுகம் உண்டு. டயரியில் கூடச் சொல்லாவிட்டால் வேறு எங்கே சொல்வது.

தம்பி சின்ராசு வழக்கம் போல: "அண்ணே, வடக்குப் பக்கமிருந்து ஏதும் வந்துச்சா?"

"காத்து வந்துச்சு. குளிருது, கதவ சாத்து."

அவன் சிரித்தான். அவன் பெண்டாட்டி புவனா சிரிக்கவில்லை. அவள் என்னிடம் சிரிப்பதை நிறுத்தி ஆறு மாதம்.

வாங்க வேண்டியவை: மண்ணெண்ணெய். முழங்கால் தைலம். ரேஸர்.


ஜூன் 5, வெள்ளி

மழை விட்டுவிட்டு. தேயிலைக் கொழுந்து குறைவு. மேற்பார்வைக் கண்டாக்கையா எல்லோர் மேலும் எரிந்து விழுந்தார்.

கீழே ரோட்டோரம் நமக்கு என்று சொன்ன காணிக்கு இன்று கொள்ளி வைத்தாயிற்று. போன வருட மழையில் லயத்துக்குப் பின்னால் மலை வெடித்தபோது மண் பரிசோதிக்கிற ஆட்கள் வந்து, குடியிருக்கத் தகுதியில்லை என்று சிவப்பு நோட்டீஸ் ஒட்டினார்கள். ஐந்து மாதம் பள்ளிக்கூட மண்டபம். பிறகு பரீட்சைக்கு மண்டபம் வேண்டும் என்று திருப்பி அதே ஒற்றை அறைக் காம்பராக்களுக்கே அனுப்பினார்கள். நோட்டீஸ் இன்னும் சுவரில். புவனா அதன் மேல் கலண்டர் மாட்டிவிட்டாள். ரோட்டோரத்தில் வீட்டுக்கு ஏழு பேர்ச் நிலம் தருவதாகப் பேச்சு.

இன்று அளக்க வந்த ஜீப்பைக் கீழ்க் கிராமத்து ஆட்கள் மறித்துவிட்டார்கள். எல்லாம் நாம் ரொட்டி சுடும்போது தேங்காய் கடன் கொடுக்கிற சிங்கள சனம்தான். முன்னால் பிரதேச சபை மெம்பர், கையில் மைக். "மேக்க அபே கம!" எங்கள் ஊர் இது என்று. இவர்கள் இந்தியாவிலிருந்து வந்தவர்கள், இந்தியா காணி கொடுக்கட்டும் என்று. கைதட்டல். என் தாத்தா வந்த கப்பலின் பெயர்கூட எனக்குத் தெரியாது. மெம்பருக்குத் தெரிந்திருக்கும் போல.

கூட்டம் முடிந்ததும் அதே மெம்பர் நம் ஆட்களிடம் வந்தார். நல்ல தமிழ். "சின்ராசு, நாளைக்கி லீக்ஸ் லொறி ஏத்தணும். நாலு ஆளு கூட்டிட்டு வா. ஏழு மணிக்கி."

சின்ராசு சொன்னான், "சரிங்க மாத்தயா."

இப்படி ஒரு பிறவி. ஒரே வயிற்றில் பிறந்தோம் என்று சொல்ல வெட்கம்.


ஜூன் 6, சனி

ஏழு மணிக்கு மெம்பரின் லீக்ஸ் மரக்கறி ஏற்றப் போய்விட்டான். நாலு ஆளோடு.


ஜூன் 8, திங்கள்

வந்துவிட்டது.

பழுப்பு நிறம், நீள உறை, ஐந்தும் ஒரே அச்சு. தபால் கந்தோரில் தபால் பிரிக்கிற அம்மணி எண்ணி வைக்கும்போதே தெரிந்தது. வடக்கே வன்னிக் காணி. மாரியம்மன் கோயிலில் மேசை போட்டுப் பெயர் எழுதினார்களே, அது. குடும்பத்துக்கு அரை ஏக்கர், தற்காலிகக் கொட்டகை, கிணறு பொது.

முனியாண்டி. செல்லையா. லெச்சுமி. பெரியகறுப்பன். சின்ராசு.

பெயர் எழுதிய அன்று நான் என்ன செய்தேன் என்பதையும் இங்கே எழுதிவிட வேண்டும், மூன்று மாதமாக எழுதாமல் ஏய்த்துக்கொண்டிருக்கிறேன். மேசைக்கு முன்னால் நின்று கத்தினேன். "ஒங்க வன்னியும் வேணாம், பன்னியும் வேணாம். எங்க ஆத்தா அப்பன பொதச்ச எடம் இது. என் பேர ஒருத்தன் எழுதினா கைய ஒடிப்பேன்." யூனியன்காரர்கள் கைதட்டினார்கள். அவர்கள் பிள்ளைகள் கொழும்பில்.

கத்தியது சுலபம். கத்திவிட்டு வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் உறைத்தது. நான் ஒண்டியிருக்கும் தம்பி வீட்டில் தோட்டத்துப் பேர்ப்பதிவில் இருப்பது புவனா ஒருத்திதான். அவள் வேலையை விட்டுப் போனால் அடுத்த நாள் காம்பராவுக்குக் கந்தோர்ப் பூட்டு. ஓய்வு பெற்ற ஒண்டிக்கட்டைக்கு இடம் கிடையாது. அறுபத்துமூன்று வயதில் நான் பஸ் ஸ்டாண்டில் படுக்க வேண்டும், என் மண்ணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு.

நான்கை மட்டும் பையில் விட்டேன். ஐந்தாவது என் இரும்புப் பெட்டியில், இந்த டயரிக்கு அடியில். பிரிக்கவில்லை. நாற்பது வருடத்தில் ஒருத்தர் கடிதத்தையும் பிரித்துப் பார்த்ததில்லை. அதில் நான் சுத்தம்.


ஜூன் 9, செவ்வாய்

பெரட்டில் நான்கு பெயர் கூப்பிட்டேன். முனியாண்டி அங்கேயே கிழித்து, படிக்கத் தெரிந்த லெச்சுமி மகளிடம் கொடுத்துச் சத்தமாக வாசிக்கச் சொன்னான். 19ஆம் தேதி வெள்ளி, காலை ஒன்பதுக்கு பிரதேச செயலகத்துக்குக் குடும்பத் தலைவர் மூலப் பத்திரங்களோடு வந்து கையெழுத்திட வேண்டும். வராவிட்டால் விருப்பமில்லை என்று கருதப்படும்.

சின்ராசு கடைசிவரை நின்றான். பையைக் கவிழ்த்து உதறிக் காட்டினேன். ஒரு தேயிலை இலை விழுந்தது.

"நாளைக்கி வரும்ணே. ஒரே நாள்ல எல்லாத்துக்கும் போட மாட்டாங்கள்ல."

"போட மாட்டாங்க."


ஜூன் 10, புதன்

மழை. முழங்கால் வீக்கம்.

நான் ஒன்றும் அரக்கன் இல்லை. என்னிடமும் காரணம் இருக்கிறது. எழுதிப் பார்க்கிறேன்.

போனால்: அரை ஏக்கர். சொந்தப் பெயரில் உறுதிப் பத்திரம். மண் சரியாது, மலையே இல்லை. புவனா கூடை தூக்க வேண்டாம். மகள் கவிதாவுக்குப் பள்ளிக்கூடம் பக்கம் என்கிறார்கள்.

போனால் (மறுபக்கம்): வெயில். யானை. தண்ணீர் இல்லை. அங்கே இருக்கிற தமிழ் ஆட்களுக்கு நாம் தோட்டக்காட்டான், கூலிக்கு மட்டும் கூப்பிடுவார்கள். பெரியக்கா பாக்கியம் கலவரத்தில் பயந்து வடக்கே போனாள். அங்கே இருபத்தைந்து வருடம் அடுத்தவன் வயலில் குனிந்தாள், அப்புறம் கடைசிச் சண்டை வந்தது, எந்தக் குழியில் கிடக்கிறாள் என்று சொல்ல ஆள் இல்லை. இது பொய்யா? இதைச் சொல்லியிருந்தால் சின்ராசு கேட்டிருப்பானே. கடிதத்தைக் கொடுத்துவிட்டே சொல்லியிருக்கலாம்.

இருந்தால்: மெம்பர். மைக். லீக்ஸ் லொறி. சிவப்பு நோட்டீஸ். நான்.

இதற்கு மேல் எழுதப் பிடிக்கவில்லை. புவனா மாசிச் சம்பலுக்கு மிளகாய் அரைக்கிறாள், எனக்கு மட்டும் தும்மல்.


ஜூன் 12, வெள்ளி

"வந்துச்சாண்ணே?"

"இல்ல."

இன்று கேட்டவன் நகரவில்லை. இஸ்தோப்புத் திண்ணையில் குந்தியிருந்து பீடி பற்றவைத்தான். பிறகு, நான் எதிர்பார்த்ததை அவனே சொன்னான்.

"அப்பா கடுதாசி விசயமா இருக்குமோ?"

எனக்கு வேலையே வைக்கவில்லை.

அப்பா குடியுரிமைக்கு மனுப் போட்டு, பதில் வராமல் இருந்தது. பக்கத்து லயத்தில் எல்லோருக்கும் வந்தது. அப்பா போய்க் கேட்டார். கேட்டதால்தான் கோப்பைத் தூசி தட்டி எடுத்து, குறை கண்டுபிடித்துத் தள்ளிவிட்டார்கள் என்று அம்மா சாகிறவரை சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் நாடில்லாதவராகவே செத்தார். எங்களுக்கு அப்புறம் எல்லாம் கிடைத்தது, அடையாள அட்டை, வாக்கு, எல்லாம். ஆனாலும் எங்கள் வீட்டில் ஒரு சட்டம்: கடிதம் வராவிட்டால் போய்க் கேட்கக் கூடாது. கேட்டால் கோப்பைத் தூக்குவான். இருப்பதும் போய்விடும்.

இது எங்கள் வீட்டுப் பைத்தியம் மட்டுமில்லை. இந்த லயத்தில் பாதிப்பேர் இப்படித்தான். எனக்கு இது தெரியும். தெரிந்துதான் உறையைப் பெட்டியில் போட்டேன். சின்ராசு போய்க் கேட்க மாட்டான்.


ஜூன் 14, ஞாயிறு

சாமான் வாங்க டவுன். ரசீன் நானா கடையில் கூட்டம். வன்னி பற்றியே பேச்சு.

நானா சொன்னார்: "எங்களையும்தான் அரபிக்கு போகச் சொல்லி கத்தினாங்க. கடைக்கி கல்லு விட்டாங்க. மறுநா காலேல ஷட்டர தொறந்து சீனி நிறுத்துக் குடுத்தேன், கல்லு விட்டவனுக்கே. இருக்கிறதும் போறதும் நம்ம இஷ்டமா இருக்கணும் தவமணி அண்ணன். மத்தவன் சொல்லி போகவும் கூடாது, சொல்லி நிக்கவும் கூடாது."

தலையாட்டினேன். நல்ல மனுஷன். ரேஸர் மட்டும் விலை கூட.

மத்தியானம் வீட்டில் ரகளை. கவிதாவுக்குப் பதினாறு. பயம் என்றால் என்னவென்று இன்னும் பழகவில்லை. "செயலகத்துல போயி ஒரு வார்த்த கேட்டா என்னப்பா? தின்னுருவாங்களா? நான் சிங்களத்துல கேக்குறேன்."

சின்ராசு அறைந்துவிட்டான். பிறந்த நாளிலிருந்து அவள் மேல் கை வைத்ததில்லை. புவனா அவனைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

"என்ன மாமா, நீங்க ஒன்னும் சொல்ல மாட்டேங்கிறீங்க?"

"அப்பன் மக விசயம். நான் யாரு?"

ஞாயிற்றுக்கிழமை கோழி. கவிதா சாப்பிடவில்லை. அவள் பங்கை என் தட்டில் வைத்தார்கள், தின்றேன்.


ஜூன் 16, செவ்வாய்

விட மாட்டேன் என்று பெய்கிறது. ரயில் பாதையில் மண் விழுந்து காலை ரயில் இல்லை.

பின்சுவர் வெடிப்பில் புவனா தினமும் ஈர்க்குச்சி விட்டுப் பார்க்கிறாள். போன வாரம் ஒரு குச்சி இறுக்கமாக நின்றது. இன்று மூன்று குச்சி சேர்த்து விட்டாள், கீழே விழுந்துவிட்டன. குனிந்து பொறுக்கினாள்.

பெ.து.விடம் சொன்னேன். "பார்ப்போம்" என்றார். பிறகு கந்தோர் ஜன்னல் ஒழுகுகிறது, அதற்கு ஆள் அனுப்பு என்றார்.

பெட்டியைத் திறந்து உறையைப் பார்த்தேன். மூலை சற்று ஈரம். துணியால் துடைத்து வைத்தேன்.


ஜூன் 18, வியாழன்

மாலை நாலரை. சின்ராசு கால் போத்தல் சாராயத்தோடு என் பக்கத்தில் வந்து குந்தினான். புவனா கொழுந்து நிறுக்கப் போயிருந்தாள்.

"அண்ணே, ஒன்னு சொல்லணும். ஏசக் கூடாது."

"சொல்லித் தொல."

"கோயில்ல அன்னிக்கி ஒம் பேரையும் எழுதிட்டேன்."

அவனே சொல்லிக்கொண்டு போனான்.

"நீ கத்திட்டு போனப்புறம் எழுதுனேன். கலியாணம் கட்டாத ஆளு குடும்பக் கணக்குல வராதுன்னு எழுதுற ஐயா சொன்னாரு. கால்ல விழாத கொற. எங்கண்ணன விட்டுட்டு போனா தனியா கெடந்து செத்துருவாருன்னு சொன்னேன். சரின்னு எழுதுனாரு. அங்க போயி உன்ன எப்பிடியாச்சும் சமாதானம் பண்ணலாம்னு நெனச்சேன். இப்ப அதுனாலதான் நம்ம பேரையே வெட்டிட்டாங்க போல. அப்பா கடுதாசி இல்லண்ணே, ஒம் பேருதான். புவனாகிட்ட சொல்லல. சொன்னா உன்ன ஏசுவா."

போத்தலை என் பக்கம் தள்ளினான். குடித்தேன்.

அவன் எழுந்து போனதும் பெட்டியைத் திறந்தேன். நாற்பது வருடச் சுத்தம் போயிற்று. மேலே சிங்களம், கீழே தமிழ்.

1. சின்ராசு. குடும்பத் தலைவர்.
2. புவனேஸ்வரி. மனைவி.
3. கவிதா. மகள்.
4. தவமணி. அண்ணன்.

நான்கு பேருக்கும் சேர்த்து அரை ஏக்கர். நாளை காலை ஒன்பது மணி.


ஜூன் 19, வெள்ளி

நான்கரைக்கே எழுந்தேன். கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்தேன். கொடுத்துவிடுவது என்றுதான் வைத்தேன், அதைக் குறித்து வைக்கிறேன்.

யோசித்த பொய்கள்: நேற்றுத்தான் வந்தது. கந்தோர் மேசையில் மாட்டிக்கொண்டது. பை ஓட்டைக்குள் சிக்கியிருந்தது. எதுவும் நிற்காது. உறையில் முத்திரை, தேதியோடு. முனியாண்டி உறையிலும் அதே முத்திரை, அதே தேதி. புவனாவுக்குக் கண் கூர்மை. ஒரே பார்வை போதும். அப்புறம் கவிதா வாங்கிய அறைக்கும் கணக்குக் கேட்பாள்.

ஆறரைக்கு வேன் வந்தது. நான்கு குடும்பத் தலைவர்களும் குளித்து, பொட்டு வைத்து, பத்திரங்களை ஷாப்பிங் பையில் சுற்றிக் கையில் வைத்திருந்தார்கள். சின்ராசு ஒவ்வொருத்தருக்கும் குடை பிடித்து ஏற்றிவிட்டான். கல்யாண வீடு மாதிரி சிரித்துக்கொண்டு.

முனியாண்டி தலையை வெளியே நீட்டினான். "டேய் சின்ராசு, வேன்ல ஒரு எடம் இருக்குடா. சும்மா வந்து ஒரு வாட்டி கேட்டுப் பாரு. வந்தா வருது."

சின்ராசு மழையில் நின்றான். குடையை மூடிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான். சிறு பிள்ளையில் ஆற்றைத் தாண்டும் முன்னால் இப்படித்தான் பார்ப்பான்.

"என்னண்ணே சொல்ற? போவட்டா?"

என் சட்டைப் பைக்கும் அவன் கைக்கும் நான்கு அடி இருக்கும். போகச் சொன்னால் செயலகத்தில் பெயர் இருக்கும். கடிதம் எங்கே என்று கேட்பார்கள். தபாலில் அனுப்பினோம், நான்கு பேருக்கும் வந்திருக்கிறதே என்பார்கள்.

"கேட்டா ஃபைலத் தூக்குவான்டா" என்றேன்.

தலையாட்டினான். வேன் கதவை அவனே இழுத்துச் சாத்தினான்.

பத்து மணிக்கு அவன் மெம்பர் லொறிக்குப் போய்விட்டான். நான் தபாலுக்குப் போகவில்லை, காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினேன். மூன்று தடவை சுவர்க் கடிகாரம் பார்த்தேன். நாலேகால். செயலகம் மூடியிருக்கும்.

கடிதத்தை எரிக்கப் போனேன். அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. புவனா வந்துவிட்டாள். "என்ன மாமா, காச்சலோட அடுப்புகிட்ட?" என்று கேட்டு இஞ்சித் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள். ஆறு மாதத்தில் முதல் தடவை என்னிடம் அன்பாகப் பேசினாள். எனக்கு இவளைப் பார்த்தால் ஆத்திரமாக வருகிறது, ஏன் என்று தெரியவில்லை. தெரியும்.


ஜூன் 20, சனி

மழை. மழை. மழை.

முனியாண்டி வகையறா கையெழுத்துப் போட்டு வந்துவிட்டார்கள். அடுத்த மாதம் லொறி. வந்ததும் வராததுமாகச் சட்டி பானை கட்டுகிறார்கள். லயம் முழுக்கக் கயிறு, சாக்கு, சத்தம்.

செயலகத்தில் சின்ராசு பெயரைக் கூப்பிட்டார்களாம். மூன்று தடவை. முனியாண்டி எழுந்து, "அவங்களுக்குக் கடுதாசி வரலீங்க" என்றானாம். எழுத்தர் அம்மா, "விருப்பமில்ல போல" என்று கோடு போட்டாராம்.

இதைச் சொன்னபோது நான் அங்கேதான் இருந்தேன். புவனா மெதுவாக என் பக்கம் திரும்பினாள். சின்ராசு அவளைப் பேசவிடவில்லை. "தபால்ல தொலஞ்சிருக்கும். எங்கண்ணன் நாப்பது வருசமா பை தூக்குறாரு, அவரு கையில ஒன்னு தொலஞ்சதில்ல. டவுன்லயே தொலச்சிட்டானுங்க." பிறகு என்னிடம், "விடுண்ணே. நீ சொன்ன மாதிரி நம்ம மண்ணு. இங்கயே கெடப்போம்."

புவனா உள்ளே போய்விட்டாள். கடிதம் மறுபடி கிடக்கும் என் இரும்புப் பெட்டிக்குப் பூட்டு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். இருக்கிறது. சாவி இடுப்பில்.

ஆறு மணி. பின்சுவர் வெடிப்பில் கை போகிறது. தண்ணீர் செம்மண் நிறத்தில் உள்ளே வருகிறது. பள்ளிக்கூட மண்டபம் பூட்டு. சாவி பள்ளி அதிபரிடம், அதிபர் ஹட்டனில், போன் எடுக்கவில்லை.

சின்ராசு கட்டில் பாய் எல்லாம் இடம் மாற்றுகிறான். வாசல் பக்கம் ஒரு ஆளுக்குத்தான் இடம் இருக்கிறது. மூவரும் பின்சுவரோரம் படுப்பதாகத் தீர்மானம்.

"அண்ணே, நீ வாசப் பக்கம் படு. நீ சட்டுனு எந்திரிக்க மாட்ட."

சரி என்றேன். பாயை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.